உஷ்குலிக்குப் போனால் ராத்திரி தங்கிவிடுங்கள்

ஜார்ஜியாவில் ஸ்வனெட்டி மலைப்பகுதி பக்கம் போகிறவர்கள் பலர் உஷ்குலியை மூன்று மணி நேரத்தில் சுற்றிவிட்டு, அங்கத்திய டவுனான மெஸ்டியாவுக்கே திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்.

மெஸ்டியாவிலிருந்து 45 கிலோமீட்டர்தான். தலைக்கு 50 லாரி (லாரி என்பது ஜார்ஜியா நாணயம், நம்ம காசுக்குச் சுமார் 1,500 ரூபாய்), போக வர, என்று பேசி ஏற்றிய டிரைவர், நாங்கள் மறுநாள்தான் திரும்புவோம் என்று தெரிந்ததும் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, அது போவதற்கு மட்டும்தான் என்றார். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளத்தில் எங்குரி ஆறு, அங்கே இறங்கி என்ன நியாயம் பேச? திரும்பி வர மேற்கொண்டு 40 லாரிக்கு முடிந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் ஊர் போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.

ஆனால் ஊர்! 2,100 மீட்டர் உயரத்தில் சின்னச் சின்னக் கிராமங்கள் சேர்ந்ததுதான் உஷ்குலி. எங்கே திரும்பினாலும் கல் கோபுரங்கள், பெரும்பாலும் 9 முதல் 12ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியவை. ராஜா கட்டியதில்லை, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டையொட்டிக் கட்டிக்கொண்டது. படையெடுப்பு வந்தாலும் பங்காளிப் பகையில் கத்தியோடு யாராவது வந்தாலும் உள்ளே ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். 1996லேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டது. மெஸ்டியாவிலும் கோபுரங்கள் உண்டு, ஆனால் நடுவில் ஹோட்டலாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

பழைய வீடு ஒன்றின் உள்ளே அவசியம் பாருங்கள். நடுவில் அடுப்பு, சுற்றிலும் செதுக்கு வேலை செய்த மரத் தடுப்பு, அதில் வரிசையாக வளைவுகள். மாடுகள் அந்த வளைவு வழியாகத் தலையை நீட்டித் தீவனம் தின்னும், அதற்கு மேல்தட்டில் மனிதர்கள் படுப்பார்கள். குளிர்காலத்துக்கு இலவச ஹீட்டர்!

சாயங்காலம் வேன்களெல்லாம் கிளம்பியதும் ஊர் மாடுகள் கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் மேகம் விலகி ஷ்காரா தெரிந்தது. 5,000 மீட்டருக்கு மேல் உயரம், ஜார்ஜியாவிலேயே பெரிய சிகரம், பகலில் வந்தவர்களுக்கு அன்றைக்கு அது கிடைக்கவே இல்லை.

சாப்பாடு: குப்தாரி. பொடியாக நறுக்கிய இறைச்சியும் வெங்காயமும் ரொட்டிக்குள். அதில் போடும் ஸ்வன் உப்பில் பூண்டு, கொத்தமல்லி விதை, ஒரு வகை வெந்தயம் எல்லாம் இடித்துச் சேர்ப்பதால் நம் நாக்குக்கு உடனே ஒட்டிக்கொள்கிறது. சைவக்காரர்கள் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துக் கிண்டிய தாஷ்மிஜாபி கேளுங்கள், நூல் நூலாக இழுபடும்.

பணத்தை மெஸ்டியாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்காரா பனியாறு வரை போகக் குதிரை வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம். போக 8 கிலோமீட்டர், பெரிய ஏற்றமில்லை, நடந்தே போகலாம்.