தரங்கம்பாடி வண்டி: மூன்றாவது படம்

மாயவரம் ஜங்ஷனில் தரங்கம்பாடி வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. இதை வாட்டர்கலரில் கொண்டுவர மூன்று மாதமாக முயல்கிறேன். 1926-இல் போட்ட மீட்டர்கேஜ் கிளைப்பாதை, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று வயல் வழியாகக் கடலோரம் வரை போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழ அதில் போயிருக்கிறேன்.

முதல் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். வேலைக்காகப் பொறையாருக்கு அந்த வண்டியிலேயே போய் வந்தவர். கொஞ்ச நேரம் பார்த்தவர், "டேய், இது பிராட்கேஜ்டா" என்றார்.

அவர் சொன்னது சரி. இப்போதைய ஜங்ஷனில் உட்கார்ந்துதான் தண்டவாளத்தை ஸ்கெட்ச் போட்டிருந்தேன். பிராட்கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1676 மி.மீ.; மீட்டர்கேஜில் 1000 மி.மீ.தான். ஆனால் பெட்டியின் அகலம் அந்த அளவுக்குக் குறையாது, சுமார் 2.7 மீட்டர் இருக்கும். ஒல்லியான ஆள் தலையில் பெரிய கூடையைச் சுமப்பதுபோல இரண்டு பக்கமும் பெட்டி பிதுங்கி நிற்க வேண்டும். அதைத் திருத்தியதுமே அந்தப் பழைய வண்டியின் சாயல் வந்துவிட்டது.

இரண்டாவது படம் எஞ்சினால் கெட்டது. டியூபிலிருந்து கறுப்பை அப்படியே எடுத்துப் பூசினேன், தார் டின் மாதிரி செத்துக் கிடந்தது. இந்த முறை அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து கறுப்பாக்கினேன். பாய்லரின் மேல்பக்கம் நீலம் கூடுதலாக, சக்கரத்தருகே துருவின் பழுப்பு கூடுதலாக. புகைக்கு வானம் ஈரமாக இருக்கும்போதே சாம்பல் நிறத்தைக் கசியவிட வேண்டும். சிலிண்டரிலிருந்து சீறும் நீராவி வேறு, அது சுத்த வெள்ளை. அங்கே பெயின்டே படாமல் காகிதத்தை விட்டுவிட்டேன்.

பெட்டிகளின் செம்பழுப்பு இரண்டே பூச்சில் அமைந்தது. கைகாட்டி சிக்னலும் முடிந்தது: சிவப்புக் கை, நுனிப்பக்கம் வெள்ளைப் பட்டை. வழி கிடைத்துவிட்டது என்று தெரிய, கையைக் கீழே சாய்த்திருக்கிறேன்.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் போக அனுமதியாக டிரைவர் கையில் வாங்கும் டோக்கன்தான் பாக்கி. பெரிய பிரம்பு வளையம், அடியில் சின்னத் தோல் பை. வளையத்தை நேற்று நாலு தடவை பென்சிலில் போட்டு அழித்தேன். ஓடும் வண்டியிலிருந்து அதைத் தோளில் மாட்டி வாங்குவார்கள் என்று பெரியப்பா கையை நீட்டிச் செய்து காட்டினார். அந்தக் கையை அப்படியே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து வரைய வேண்டும்.