டாங்க் இ-610: போபால் நாற்பதாம் ஆண்டுக் குறிப்புகள்

2024 டிசம்பர் 2, திங்கள்

இன்று இரவோடு போபால் விஷவாயுக் கசிவுக்கு நாற்பது வருடம். தேசிய மாசுக் கட்டுப்பாட்டு நாள் என்று பேனர் கட்டுவார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள், மரக்கன்று நடுவார்கள். செய்யட்டும். ஆனால் டாங்க், பம்ப், பைப்லைன் என்று பிழைப்பு நடத்தும் நாம் அந்த ராத்திரியை வால்வு வால்வாக ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

யூனியன் கார்பைடு ஆலையில் செவின் என்ற பூச்சிக்கொல்லி தயாரிக்க மீத்தைல் ஐசோசயனேட்டைச் சேமித்து வைத்திருந்தார்கள். சுருக்கமாக எம்.ஐ.சி. கொதிநிலை 39 டிகிரிதான். 0 முதல் 5 டிகிரிக்குள் குளிர வைத்திருக்க வேண்டிய சரக்கு. தண்ணீரும் ஆகாது, துருவும் ஆகாது. டாங்குகள் மூன்று: இ-610, இ-611, இ-619. எதையும் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, அவசரத்துக்கு மாற்றிவிட ஒன்று காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. அன்று இ-610-இல் இருந்தது சுமார் 42 டன். காலியாக இருக்க வேண்டிய இ-619-இலும் சரக்கு கிடந்தது.

குளிர்பதன யூனிட்டை 1984-இன் நடுவிலேயே நிறுத்தி, அதிலிருந்த குளிரூட்டும் சரக்கான ஃப்ரியானை வேறு வேலைக்கு எடுத்துவிட்டார்கள். சரக்கு எப்போதும் சூடாகவே இருந்ததால் வெப்ப அலாரத்துக்கும் அர்த்தமில்லாமல் போயிற்று. வாயுவைக் காஸ்டிக் சோடாவால் கழுவி எடுக்கும் ஸ்க்ரப்பர் ஓடவில்லை. மிச்சத்தை எரிக்க வேண்டிய ஃப்ளேருக்குப் போகும் பைப்பில் துருப்பிடித்த ஒரு துண்டைக் கழற்றியவர்கள் மாட்டவே இல்லை. தண்ணீர்த் திரை 15 மீட்டர் உயரம்தான் எட்டும், வாயு வெளியேறிய வாய் இருந்ததோ 30 மீட்டருக்கு மேலே. ஆலை நஷ்டத்தில் ஓடியது, ஒவ்வொன்றையும் நிறுத்த ஒரு கணக்கு இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன மிச்சம் பிடிப்புகள்.

2024 டிசம்பர் 3, செவ்வாய்

1984 டிசம்பர் 2 ராத்திரி 10.20-க்கு இ-610 டாங்கின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. பத்தே முக்காலுக்கு ஷிப்ட் மாறியது. பதினொரு மணிக்குக் கேஜ் 10 காட்டியது. புதிதாக வந்தவருக்கு அது சாதாரண எண்தான், ஏனென்றால் 2 முதல் 25 வரை வழக்கமான அளவு. எண்ணை மட்டும் பார்த்தால் தவறே இல்லை. நாற்பது நிமிடத்தில் ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது என்பது முந்தைய ரீடிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். லாக் புக்கில் ஏற்ற இறக்கத்தை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பதினொன்றரை வாக்கில் கண் எரிந்தது. கண்ணெரிச்சலை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது, அதனால் டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். டாங்குக்குள் புகுந்திருந்த தண்ணீர் எம்.ஐ.சி.யோடு சேர்ந்து சூட்டையும் கரியமில வாயுவையும் கிளப்பிக்கொண்டிருந்தது. துருவிலிருந்து வந்த இரும்பு அந்த வினையை இன்னும் முடுக்கிவிட்டது. பன்னிரண்டரைக்கு மேல் கேஜின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டியது. டாங்கின் மேல் போட்டிருந்த கான்கிரீட் விரிசல் விட்டது. அழுத்தம் மிஞ்சினால் வழிவிட வைத்த தகடான ரப்சர் டிஸ்க் கிழிந்து சேஃப்டி வால்வு திறந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 40 டன் ஊருக்குள் போய்விட்டது.

ஊருக்கான சைரனைச் சில நிமிடங்களில் நிறுத்திவிட்டார்கள். மக்கள் பயப்படக்கூடாதாம். அது மறுபடி ஒலித்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. நாற்பது வருடம் ஆகியும் என்னால் ஆற முடியாத இடம் இதுதான். காற்றைவிட இரண்டு மடங்கு கனமான வாயு அது, தரையோடு தவழ்ந்து போகும், குள்ளமாக இருக்கும் குழந்தைகளுக்குத்தான் முதலில் எட்டும். ஓடியவர்கள் மூச்சு வாங்க வாங்க இன்னும் இழுத்தார்கள். நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 2,259. பின்னாளில் இழப்பீடு பெற்ற மரணங்கள் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல். பாதிக்கப்பட்டோர் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம். 1989 சமரசத்தில் கம்பெனி கொடுத்தது 47 கோடி டாலர். 2010-இல் தண்டனை பெற்றவர்களுக்குக் கிடைத்தது இரண்டு வருடச் சிறை.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதில் இன்றும் இரண்டு கட்சி. யாரோ வேண்டுமென்றே விட்டார்கள் என்றது கம்பெனி. பைப்லைன் கழுவிய தண்ணீர்தான் என்றார்கள் தொழிலாளர்கள். எது உண்மையானாலும், அன்று லைன் கழுவும்போது குழாயை அடைக்கும் ஸ்லிப் பிளைண்ட் போடவில்லை. அதைக் கவனிக்க வேண்டிய மெயிண்டனன்ஸ் சூப்பர்வைசர் பதவியையே அந்த ஷிப்டில் எடுத்துவிட்டிருந்தார்கள். எம்.ஐ.சி. யூனிட்டில் 12 பேர் இருந்த இடத்தில் ஆறு பேர்.

ஸ்லிப் பிளைண்ட் என்பது குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு ஃப்ளாஞ்சுகளுக்கு நடுவே செருகும் ஒரு இரும்புத் தட்டு. வால்வை மூடினாலே போதாதா என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். போதாது. வால்வின் சீட்டில் துருவோ படிவோ இருந்தால் கைப்பிடி இறுகிய பிறகும் தண்ணீர் கசியும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. லைனைக் காலி செய்து, அழுத்தம் பூஜ்யம் என்று கேஜிலும் வடிகால் வால்விலும் பார்த்த பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும். உடம்புக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால் அந்தப் பக்கம் பீறிடும். தட்டின் கனம் லைன் அழுத்தத்துக்குத் தாங்குகிறதா என்று பார்த்து, இருபுறமும் புது கேஸ்கெட் வைத்துச் செருகுங்கள். தட்டின் காது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதில் எண் போட்ட டேக் தொங்க வேண்டும். போட்டவை எத்தனை, எடுத்தவை எத்தனை என்ற பட்டியல் சரியாகும்வரை வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டை மூடாதீர்கள்.

அங்கே இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன, வாசிக்க முடியாதவர்கள் வேலை செய்தார்கள். இன்று நம் சிப்காட்டுகளில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் ஏராளம். பெர்மிட் படிவம் அவர்கள் மொழியிலும் இருந்தே ஆக வேண்டும்.

2024 டிசம்பர் 26, வியாழன்

சுனாமியின் இருபதாம் வருடம், கடற்கரை எங்கும் பூவும் பாலும். போன வருடம் இதே தேதி நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயைக் குளிர்விக்கும் வேலையின்போது கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோதும் அப்படித்தான், அங்கும் சைரன் ஒலிக்கவில்லை. அந்த டாங்கில் வெப்பமானி அடியில் மட்டும் இருந்தது, சூடேறியதோ மேல்பகுதியில்.

ஆலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பாருங்கள். காற்றோடு ஓடாதீர்கள், குறுக்காக விலகுங்கள். வெளியேற முடியாவிட்டால் கதவு ஜன்னலைச் சாத்தி, ஈரத் துண்டால் கதவிடுக்கை அடைத்து, ஏ.சி.யையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், ஈரத்துணி உதவும். ஸ்டைரீனுக்கு அது பயன்படாது. உங்கள் ஆலையில் என்ன வாயு இருக்கிறது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 2, வியாழன்

நேற்று ராத்திரி 12 கண்டெய்னர்களில் அந்த ஆலையின் 337 டன் கழிவு போபாலை விட்டுக் கிளம்பி, எரிப்பதற்காக 250 கிலோமீட்டர் தள்ளி பீதம்பூருக்கு வந்துவிட்டது. உயர்நீதிமன்றம் போன மாதம் நாலு வாரம் கெடு வைத்த பிறகுதான் அசைந்தார்கள். ஷெட்டுக்குள் சேர்த்து வைத்திருந்ததுதான் இந்த 337. ஆலை வளாகத்து மண்ணிலும் சுற்றுவட்ட நிலத்தடி நீரிலும் இறங்கியது அங்கேயே கிடக்கிறது. பீதம்பூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு, போபாலிலும் பயந்தவர்களைத்தான் முதலில் ஒதுக்கினார்கள். பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982-லிருந்தே இந்த ஆலையின் ஆபத்தை எழுதினார். யார் கேட்டார்கள்?

2025 ஜூலை 1, செவ்வாய்

பீதம்பூரில் அந்தக் கழிவை எரித்து முடித்தாயிற்று. சோதனைக்குப் பத்துப் பத்து டன்னாக மூன்று முறை, மணிக்கு 135, 180, 270 கிலோ என்று ஏற்றிப் பார்த்து, மீதியை 270-இல் எரித்திருக்கிறார்கள். புகையில் வரும் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதால், போட்ட கழிவைவிடச் சாம்பலும் எச்சமும் எடையில் அதிகம். இனி அது புதைகுழிக்குப் போகும். குழியின் அடி விரிப்பு கிழியாமல் இருக்கிறதா, ஊறி வடியும் நீரை எடுக்கும் பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்கு முன்னும் பின்னும் சுற்றுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துக் கன உலோகங்கள் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், இந்தியில்.