யாருடைய விரிசல்?

ஓர் ஓவியம் வேறோர் அருங்காட்சியகத்துக்குக் கடனாகப் போகும் முன் அதன் உடல்நிலையை எழுதிவைப்பது என் வேலை. எங்கே கீறல், எங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது, சட்டத்தின் எந்த மூலை தளர்ந்திருக்கிறது என்று படிவத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அலுப்பான வேலைதான். ருமேனிய ஓவியர் கெயோர்கே பெட்ரஷ்கு வரைந்த பழைய வீடுகளின் ஓவியங்கள் மேசைக்கு வந்தால் மட்டும் அலுப்பு ஓடிவிடும்.

1872இல் தெகூச் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். பாரிசில் பயின்றவர். 1922இல் தர்கோவிஷ்டெயில் வீடும் ஓவியக்கூடமுமாகக் கட்டிக்கொண்டார். இன்றைய ருமேனியாவின் தென்பகுதியில் இருந்த வலாக்கியா என்னும் நாட்டின் பழைய தலைநகரான அவ்வூரில் அரண்மனை இடிபாடுகள் உண்டு, கிந்தியா கோபுரம் உண்டு. இருந்தாலும் காரை பெயர்ந்த சாதாரண வீடுகளை அவர் வரைந்த விதத்துக்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஓவியம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். கொத்தனார் சுவர் பூசுவதுபோல வண்ணத்தின் மேல் வண்ணமாக அப்பியிருக்கிறார். சன்னலுக்கு அடியில் ஒரு பள்ளத்தில் சாம்பல் நிறம். அது அழுக்கா, அவர் வைத்த வண்ணமா? பழுதுபார்ப்பவர் எச்சில் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றிப் பார்ப்பார். சிரிக்க வேண்டாம், எங்கள் துறையில் அது முறையான சோதனைதான். விரிசலிலும் இதே குழப்பம் உண்டு. தடித்த வண்ணம் மேலே முதலில் காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால், அகலமாக, விளிம்பு மழுங்கிப் பிளக்கும். வயதால் வரும் விரிசலோ மெல்லியது, கூர்மையானது, அடித்தளம் வரை இறங்குவது. முதல் வகை வரைந்த கையோடு வந்தது. இரண்டாவதைத்தான் கண்காணிக்க வேண்டும்.

காப்பீட்டுக்காரர் ஒருவர் ஓவியத்தின் புகைப்படத்தைப் பார்த்து, அதில் வரைந்திருந்த சுவரின் கீழ்ப்பகுதி முழுவதையும் சேதம் என்று குறிக்கச் சொன்னார். “அது வீட்டின் சேதம், ஓவியத்தின் சேதமல்ல” என்றேன். “அந்த வேறுபாட்டைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

உண்மையான சேதம் கதவுக்கு மேலே இருந்தது. உள்ளங்கை அளவு இடம் மட்டும் வழவழவென்று தட்டையாக இருந்தது. எப்போதோ கிழிந்த கான்வாஸுக்குப் பின்புறம் ஒட்டுப்போட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தியிருக்கிறார்கள். முன்புறம் வண்ண மேடுகள் நசுங்கிப்போயின. தூக்கி நிறுத்த இனி வழியில்லை. அறிக்கையின் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன். காப்பீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த இடம்தான் நன்றாக இருக்கிறதே என்றார். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படத்தை அனுப்பிவைத்தேன். அதன் பிறகு சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை.