656 வரிசைகளில் யமாகா: ஒரு மஃப்ளர் பின்னிய அனுபவம்

ஜப்பானின் கால்பந்து ரசிகர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் துண்டை மஃப்ளர் என்றேதான் சொல்கிறார்கள். அந்நாட்டின் மட்சுமோட்டோ யமாகா என்ற கால்பந்து கிளப்பின் வரலாற்றை அப்படியொரு மஃப்ளரில் பின்னிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. நான்கு மாதங்களாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான்: 2010 முதல் ஒரு லீக் ஆட்டத்துக்கு ஒரு வரிசை, அதற்கு முந்தைய காலத்துக்கு ஆண்டுக் கணக்கில் சில வரிசைகள். நிறம், அந்த ஆண்டு அணி எந்தப் பிரிவில் ஆடியதோ அதற்குரியது. நான்காம் அடுக்கான வட்டார லீக் சாம்பல், அதற்கு மேல் அப்போது மூன்றாம் அடுக்காக இருந்த தேசிய லீக்கான ஜேஎஃப்எல் வெளிர் பச்சை, தொழில்முறை லீக்கின் இரண்டாம் பிரிவான ஜே2 கிளப்பின் சொந்தப் பச்சை, முதல் பிரிவான ஜே1 அதே பச்சையோடு ஒரு பொன்னிழை, மூன்றாம் பிரிவான ஜே3 கரும்பச்சை. கிளப்பின் நிறமே பச்சை என்பதால் நிறங்களைத் தேர்ந்தெடுப்பது எளிதாக இருந்தது.

தொடக்கம் மட்டும் காப்பி நிறம். 1965இல் மட்சுமோட்டோ ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு காப்பிக் கடையில் கூடிய ஆட்டக்காரர்கள்தான் இந்த அணியைத் தொடங்கினார்கள். கடையின் பெயர் யமாகா. அதுவே அணிக்கும் பெயரானது. ஜப்பானிய மொழியில் அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதற்கு மலை என்று பொருள், இரண்டாவதற்கு நயம். அந்தக் கடை பிறகு மறைந்துபோனது. 2017இல் கிளப்பே அதே பெயரில் ஒரு காப்பிக் கடையைத் திறந்தது. இந்தக் கிளப்பின் மீது எனக்குப் பிரியம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். 1965 முதல் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாக 39 காப்பி வரிசைகள். தொழில்முறை அணியாக வேண்டும் என்ற முயற்சி 2004இல் தொடங்கியது. அதிலிருந்து 2009 வரை ஆண்டுக்கு ஆறாக 36 சாம்பல் வரிசைகள்.

முதல் தடவை வெறும் நேர்ப்பின்னலாகப் போட்டேன். காப்பி முடிந்து சாம்பலுக்கு வருவதற்குள் இரு ஓரமும் பாய் போலச் சுருண்டுகொண்டன. நீராவி காட்டியும் நிமிரவில்லை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, முன்பக்கம் ஒரு கண்ணி, பின்பக்கம் ஒரு கண்ணி என மாற்றி மாற்றிப் பின்னத் தொடங்கினேன். இப்போது இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது, ஓரமும் படிந்து கிடக்கிறது. மஃப்ளர் பின்ன நினைப்பவர்கள் முதலிலேயே இப்படித் தொடங்குவது நல்லது.

சாம்பல் பட்டையின் கடைசி ஆறு வரிசைகளைப் பின்னும்போது கை தானாகவே மெதுவானது. 2009 அக்டோபரில், வட்டார லீக் அணியாக இருந்துகொண்டே, எல்லா அடுக்கு அணிகளும் மோதும் பேரரசர் கோப்பையில் ஜே1 அணியான உராவா ரெட்ஸை 2-0 என்று வீழ்த்தினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஆசிய சாம்பியன் பட்டம் வென்ற அணி அது. அதே ஆண்டு தங்கள் லீக்கில் நான்காம் இடம்தான். ஆனாலும் தேசிய அளவிலான வேறொரு போட்டியை வென்று அதன் வழியாக வட்டார அணிகளின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, சொந்த மைதானமான அல்வினிலேயே ஜேஎஃப்எல்லுக்கு ஏறினார்கள். மைதானத்தையும் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ், விண்ட் என்ற இரு சொற்களை இணைத்து வைத்த பெயர் அல்வின். அருகிலேயே விமான நிலையம் இருப்பதால் கட்டடம் உயர்ந்துவிடக் கூடாதென்று ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைத்திருக்கிறார்கள்.

அடுத்த பட்டையில்தான் நான் அதிக நாள் நின்றுபோனேன். 2011இல் ஜேஎஃப்எல்லில் அணிக்கு 33 ஆட்டங்கள். அந்த ஆண்டு மார்ச் பூகம்பம் அட்டவணையைக் கலைத்துவிட்டது. யோகோஹாமா எஃப் மரினோஸில் பதினாறு ஆண்டுகள் ஆடியவரும் 2002 உலகக் கோப்பையில் ஜப்பானின் தடுப்பாட்டக்காரருமான நவோகி மட்சுடா அந்த சீசனில்தான் யமாகாவுக்கு வந்தார். ஆகஸ்ட் 2ஆம் தேதி பயிற்சியின்போது மயங்கி விழுந்தார். மாரடைப்பு. இதயத்தை மீட்கும் ஏஇடி கருவி அந்த இடத்தில் இல்லை. 4ஆம் தேதி இறந்துபோனார். வயது 34. அணி சீசனை நான்காம் இடத்தில் முடித்து, ஜே2க்கு ஏறியது.

இதை எப்படிப் பின்னுவது? கறுப்பு வரிசை ஒன்று போடலாம் என்று முதலில் நினைத்தேன், போட்டும் பார்த்தேன். பட்டையை அது இரண்டாக வெட்டியது. ஆனால் அணி ஆட்டத்தை நிறுத்தவில்லையே. அதனால் கறுப்பை எடுத்துவிட்டு, ஆகஸ்டுக்குப் பிந்தைய வரிசைகளில் இடது ஓரத்தை ஒட்டி மூன்று கண்ணிகளை மட்டும் வெள்ளையாக்கினேன். அவருடைய எண் 3. மரினோஸில் அவரோடு ஆடிய ஹயுமா தனாகா 2014இல் யமாகாவுக்கு வந்து அதே எண்ணை அணிந்தார், 2022இல் ஓய்வு பெறும் வரை. ஆகவே 2014 முதல் 2022 வரையும் அந்த வெள்ளைக் கோடு ஓடுகிறது. நடுவில் 2012, 2013 இரண்டு ஆண்டும் கோடு இல்லாத பச்சை. மடியில் விரித்துப் பார்த்தால் கண் முதலில் அந்த இடைவெளிக்குத்தான் போகிறது.

யசுஹாரு சொரிமாச்சி பயிற்சியாளராக இருந்த காலம் 2012 முதல் 2019 வரை. கைக்கு இதமான நீண்ட பச்சை. 2014இல் இரண்டாம் இடம் பிடித்து முதல்முறை ஜே1. 2018இல் ஜே2 சாம்பியன்: 77 புள்ளிகள், பின்னாலேயே 76 புள்ளிகளோடு மூன்று அணிகள்! இரண்டு முறையும் மறு ஆண்டே கீழே இறங்க வேண்டியதாயிற்று.

பின்னும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஜே2இல் ஆண்டுக்கு 42 ஆட்டம், ஜே1இல் 34. ஆகவே பொன்னிழைப் பட்டைகள் ஜே2 ஆண்டுகளின் பட்டைகளைவிடக் குட்டை. சென்டிமீட்டருக்கு நான்கு வரிசை வீதம் மொத்த மஃப்ளர் 164 சென்டிமீட்டர். அதில் பொன் 17 மட்டுமே, ஜே2 பச்சை 84. பட்டியலில் படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை.

மேல் பிரிவுக்கு ஏறும் கடைசி இடத்துக்காக சீசன் முடிவில் நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்கள் லீக் கணக்கில் சேராது. ஆனால் 2016ஐ எப்படி விட்டுவிட முடியும்? 84 புள்ளிகள், இரண்டாம் இடம் பிடித்த ஷிமிசுவுக்கும் அதே 84. கோல் வித்தியாசத்தில் மூன்றாம் இடம். பிளே-ஆஃபில் ஒகயாமாவோடு சமன் செய்தாலே போதும் என்ற நிலையில், கூடுதல் நிமிடத்தில் கோல் வாங்கி 1-2 என்று தோற்றார்கள். 2024இல் நேர்மாறு; அதற்குள் அணி ஜே3க்கு இறங்கியிருந்தது. ஜே3 பிளே-ஆஃப் இறுதியில் டொயாமாவுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை. இம்முறையும் கூடுதல் நிமிடத்தில்தான் 2-2. பட்டியலில் மேலே இருந்த டொயாமா சமநிலையோடு ஏறிவிட்டது. முதலில் சமன் கிடைக்காமல் போனது. பிறகு சமன் ஆனதால் போனது. அன்று திரையை அணைக்க மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த இரண்டுக்கும் 656க்கு வெளியே ஆளுக்கொரு வரிசை கொடுத்தேன், சாயம் ஏற்றாத கம்பளி நூலில்.

இப்போது இரண்டாவது சாயமில்லா வரிசையை முடித்திருக்கிறேன். நூல் முனைகளைச் செருகும் வேலை பாக்கி. 2014க்கும் 2016க்கும் நடுவே மட்டும் பின்பக்கம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. கண்ணிகளை மூடவில்லை, ஒரு பழைய நூலில் கோத்து வைத்திருக்கிறேன். கரும்பச்சை இன்னும் 40 கிராம் மீதம். அது தீர்வதற்குள் ஜே2 பச்சையில் ஓர் உருண்டை வாங்க வேண்டும்.