44 மேக்னத்துக்கு மெதுவான தோட்டா

போன சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பக்கத்து மேஜையில் இருந்தவர் என் ரிவால்வரைப் பார்த்ததும் காதுக்குள் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் ஹெட்செட்டையும் இறுக்கிக்கொண்டார். 44 மேக்னம், அதாவது பெரிய சத்தமும் உதையும் உள்ள கைத்துப்பாக்கித் தோட்டா, என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். நான் ஆறு தோட்டாவையும் சுட்டு முடித்தபோது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "இது என்ன, நிஜமாகவே மேக்னமா?" என்று கேட்டார். அவர் எதிர்பார்த்த இடி வரவே இல்லை. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். ஹெச்-1பி விசாவில் இருந்தவரை துப்பாக்கி வாங்குகிற பேச்சே இல்லை, சில விதிவிலக்குகள் தவிர அந்த விசாக்காரர்களுக்கு இந்த நாட்டு மத்திய சட்டம் அதை அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு வந்த மறு வருடம் வாங்கியதுதான் இந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆறு அங்குலக் குழல், ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை.

முதல் நாள் கடையில் வாங்கிய மேக்னம் தோட்டா ஐம்பதையும் சுட்டேன். 240 கிரெய்ன் குண்டு, அதாவது பதினைந்தரை கிராம் ஈயமும் செம்பும், நொடிக்கு 1400 அடி வேகத்தில் கிளம்புகிற சமாச்சாரம். 25 கெஜ தூரத்துத் தாளில் ஓட்டைகள் எல்லாம் கருப்பு வட்டத்துக்குக் கீழே சிதறிக் கிடந்தன. கிளப்பில் ஒரு பெரியவர், இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரிவால்வரை வாங்கி எனக்குத் தெரியாமல் சிலிண்டரில் நாலு நல்ல தோட்டாவும் ஏற்கெனவே சுட்டுக் காலியான இரண்டு பித்தளைக் கூடும் போட்டுக் கொடுத்தார். காலிக் கூடு வந்த முறை டிரிக்கரை இழுத்தேன், வெடி இல்லை, ஆனால் குழல் முனை தானாக ஒரு அங்குலம் கீழே குத்தியது. உதை வரப்போகிறது என்று மணிக்கட்டு முன்கூட்டியே முடிவு செய்து அமுக்குகிறது! இந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் பெரிய தோட்டாவை இன்னும் இன்னும் சுட்டுத் தீர்க்க முடியாது. மெதுவான தோட்டாவை ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். கடையில் அந்த அளவுக்கு வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால்தான் காலிக் கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்துச் சொந்தமாகத் தோட்டா கட்டும் வேலைக்கு வந்தேன்.

இந்த மேக்னம் பிறந்த கதையும் இப்படி மருந்து கட்டிப் பார்த்த ஒருவரின் கதைதான். 1907-இல் வந்த 44 ஸ்பெஷல் தோட்டாவை வைத்துக்கொண்டு ஐடஹோவில் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் பல வருடம் மருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்தார், எழுதினார், கம்பெனிகளை நச்சரித்தார். கடைசியில் 1950-களின் நடுவில் ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரையும் செய்தன. பழைய துப்பாக்கிகளுக்குள் தவறிப் போய் நுழைந்துவிடக் கூடாது என்று கூட்டை எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளமாக்கினார்கள். நான் போவது அவர் வந்த வழியில் பின்னோக்கி. நீளக் கூட்டுக்குள் பழைய 44 ஸ்பெஷலின் வேகத்தை, நொடிக்கு 750 அடி பக்கம், வைக்கிறேன். குண்டு மட்டும் அவர் வடிவமைத்ததேதான்: தட்டையான மூக்கு, கூரான தோள், தாளில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி சுத்தமான வட்டம் வெட்டும்.

அப்படியென்றால் 44 ஸ்பெஷல் கூட்டையே போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், அது இந்தத் துப்பாக்கியில் தாராளமாக ஓடும். ஆனால் குட்டைக் கூடு முடிகிற இடத்துக்கு முன்னால் சிலிண்டர் துளையில் கரியும் ஈயமும் சேர்ந்து ஒரு வளையம் கட்டிக்கொள்ளும், அப்புறம் நீளமான மேக்னம் தோட்டா முழுசாக உள்ளே போகாது. அதனால் எனக்கு எல்லாமே மேக்னம் கூடுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மேக்னம் கூடு பெரியது, மெதுவான தோட்டாவுக்கு வேண்டிய மருந்து கொஞ்சம், உள்ளே முக்கால்வாசி காலி இடம். குழலை வானத்தைப் பார்க்கத் தூக்கிவிட்டு மெல்ல இறக்கிச் சுட்டால் மருந்து பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பக்கம் கிடக்கும், தரையைப் பார்க்கச் சாய்த்துவிட்டு ஏற்றிச் சுட்டால் குண்டுப் பக்கம் கிடக்கும், இந்த இரண்டுக்கும் குண்டின் வேகத்தை அளக்கும் என் குரோனோகிராஃபில் நொடிக்கு 60 அடி வரை வேக வித்தியாசம் வந்திருக்கிறது. அதைவிடப் பயங்கரம், அந்தக் காலி இடத்தில் இரண்டு மடங்கு மருந்து விழுந்தாலும் வழியாது, மேலே குண்டை அமுக்கினால் ஒழுங்காக உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வேகமாக எரிகிற மருந்தில் அது சிலிண்டரையே பிளக்கும். அதனால் மருந்து போட்ட ஐம்பது கூட்டையும் பலகையில் நிற்க வைத்து, டார்ச் அடித்து, வரிசை வரிசையாக எட்டிப் பார்க்காமல் ஒரு குண்டைக்கூட வைப்பதில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று சந்தேகமாக இருந்தால் கொட்டித் தராசில் நிறுப்பேன்.

மருந்தின் அளவை இங்கே எழுத மாட்டேன், யாரும் வலைப்பதிவைப் பார்த்து மருந்து நிறுக்கக் கூடாது. லைமன், ஹார்னடி என்று அச்சிட்ட கையேடுகள் இருக்கின்றன, அதில் உங்கள் குண்டுக்கும் உங்கள் மருந்துக்கும் போட்டிருக்கிற ஆரம்ப அளவிலிருந்து தொடங்குங்கள். ஹெச்110 மாதிரி மேக்னத்துக்கென்றே உள்ள மெதுவாக எரியும் மருந்தை எடுத்துக் குறைத்துப் போட்டு "மெதுவான தோட்டா" செய்யலாம் என்று நினைக்கவே வேண்டாம், அது சரியாகப் பற்றாது, தயாரிப்பாளரே அதைக் குறைக்காதே என்று எச்சரிக்கிறார்.

எனக்கு நடந்தது இரட்டை மருந்து இல்லை, மருந்தே இல்லாத தோட்டா. கட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது, பேசிவிட்டு வந்து ஒரு கூட்டைத் தாண்டிவிட்டேன். அன்று டார்ச்சும் அடிக்கவில்லை. ரேஞ்சில் நாலாவது தோட்டாவுக்கு 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், கையில் உதையே இல்லை. அடுத்ததைச் சுடக் கட்டைவிரல் ஹேமர் மேல் போய்விட்டது, அதற்குள் அந்தப் பெரியவர் "நிறுத்து!" என்று கத்தினார். சிலிண்டரைக் காலி செய்து பார்த்தால், பிரைமர் தந்த தள்ளலில் மட்டும் கிளம்பிய குண்டு குழலுக்குள் இரண்டு அங்குலம் போய் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இன்னொரு குண்டை அனுப்பியிருப்பேன். பித்தளைக் கம்பியை விட்டு, ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தோம். நசுங்கிய அந்த ஈயத் துண்டு இன்றும் தோட்டா கட்டும் பிரஸ்ஸுக்கு மேலே அலமாரியில் இருக்கிறது. போன் பக்கத்து அறையில்.

மற்றதெல்லாம் பழகப் பழக வரும்: சுட்ட கூட்டைக் கழுவுவது, பழைய அளவுக்கு இறுக்குவது, வாயைக் கொஞ்சம் விரிப்பது, பிரைமர் வைப்பது. கடைசியில் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடக்கி இறுக்குவதில் மட்டும் சோம்பல் படாதீர்கள், தளர்வாக இருந்தால் உதையில் மிச்சத் தோட்டாக்களின் குண்டுகள் முன்னால் நகர்ந்து சிலிண்டரைச் சுற்ற விடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், தொடுவதெல்லாம் ஈயம்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். அவர் என் தோட்டாவில் ஆறு சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுக்கவில்லை. ஒருவர் கட்டிய தோட்டாவை இன்னொருவர் சுடக் கூடாது, என் டார்ச் மேல் எனக்கு இருக்கிற நம்பிக்கையை அவர் கடன் வாங்க முடியாது. அதற்குப் பதிலாகப் பையில் இருந்த கடைத் தோட்டா, 44 ஸ்பெஷல், ஒரு பெட்டியையும் ரிவால்வரையும் கொடுத்தேன். ஆறு சுட்டார், இன்னும் ஆறு கேட்டார், பெட்டி காலியாகும் வரை விடவில்லை, கடைசி ஆறில் ஐந்து கருப்புக்குள் இருந்தன. அன்று ராத்திரி சிலிண்டர் துளைகளில் கட்டியிருந்த அந்தக் கரி வளையத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.