சிக்கவில்லை, பூட்டியிருந்தது

விமானிகளுக்கான சிமுலேட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் காலை பதிவேட்டில் இப்படி ஒரு புகார் இருந்தது: ‘வலது என்ஜினின் தீ கைப்பிடி சிக்குகிறது.’ என்ஜினில் தீ பிடித்தால் இழுத்து அதை நிறுத்தும் கைப்பிடி அது. அந்த என்ஜினில் தீ பிடித்ததாக எச்சரிக்கை கொடுத்துப் பத்து முறை இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து அதே புகார். இந்த முறை பயிற்சியின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். தீ இடது என்ஜினில். சிவப்பு விளக்கும் இடது கைப்பிடியில்தான் எரிகிறது. விமானியின் கை போனதோ வலது பக்கம். எச்சரிக்கை வராத என்ஜினின் கைப்பிடி பூட்டியே இருக்கும், தவறி இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் இரண்டு முறை இழுத்தார், அசையவில்லை. சட்டென்று விரலை அடியில் விட்டு, பூட்டை மீறித் திறக்கும் ஓவர்ரைடு பட்டனை அழுத்தி இழுத்தார். வந்துவிட்டது. எரிபொருள், ஹைட்ராலிக், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே இழுப்பில் துண்டிக்கப்பட்டு நல்ல என்ஜின் நின்றுபோனது. பக்கத்து இருக்கைக்காரர் ‘சரி’ என்று உறுதி செய்ததும் பதிவில் இருக்கிறது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பூட்டு அவரிடம் ‘இது இல்லை’ என்றுதான் சொன்னது. அவருக்கு அது ‘சிக்கிக்கொண்டது’ என்று கேட்டிருக்கிறது. மாட்டிக்கொண்ட கதவைத் தோளால் இடிப்பது போல, ஓவர்ரைடை அவர் கூடுதல் பலமாக நினைத்துவிட்டார்.

அப்படியானால் அந்தப் பட்டனை எடுத்துவிடலாமா? முடியாது. எச்சரிக்கைச் சுற்றே பழுதாகிவிட்டால், கண்ணெதிரே எரியும் என்ஜினைக்கூட அந்தக் கைப்பிடியால் நிறுத்த முடியாமல் போகும். மீற வழியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: 1993 செப்டம்பரில் வார்சாவில் ஈரமான ஓடுபாதையில் ஒரு ஏ320 பயணிகள் விமானம் இறங்கியது. சக்கரங்கள் தரையில் சரியாக அழுந்தாததால், விமானம் இன்னும் இறங்கவில்லை என்று கணினி முடிவு செய்தது. வேகத்தைக் குறைக்கும் ஸ்பாய்லர்களும் ரிவர்சர்களும் சுமார் 9 விநாடி தாமதமாகத்தான் விரிந்தன. அந்தத் தர்க்கத்தை மீறி விரிக்க விமானிகளுக்கு எந்த வழியும் இல்லை. ஓடுபாதையைத் தாண்டிப் போன அந்த விபத்தில் இருவர் இறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் தரையிறங்கிய பிறகு, இறக்கையின் பின்பக்கம் விரியும் ஃபிளாப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள். திட்டு விமானிகளுக்குத்தான் விழுந்தது. ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் அருகருகே, ஒரே மாதிரி. சக்கரத்துக்குச் சக்கர வடிவக் குமிழ், ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவக் குமிழ் என்று மாற்றச் சொன்னார். இன்றும் விதிப்படி சக்கர லீவரின் குமிழ் சக்கரம் போலத்தான் இருக்க வேண்டும். இருட்டிலும் பதற்றத்திலும் கை தானாகவே தெரிந்துகொள்ளும்.

எங்கள் தீ கைப்பிடிகளில் அந்த வித்தியாசம் இல்லை. இரண்டும் தொடுவதற்கு ஒன்றேதான். பூட்டியிருப்பதும் சிக்கியிருப்பதும் விரலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். எனக்கென்னவோ இதை அந்த விமானியின் தலையில் மட்டும் கட்ட மனம் வரவில்லை.

இரண்டாவது புகாருக்குக் கீழே இப்படி எழுதினேன்: ‘கைப்பிடி சரியாக வேலை செய்கிறது. ஆனால் பூட்டியிருக்கும்போது, பூட்டியிருக்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை.’ மேலதிகாரி முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை அடித்துவிட்டார். பதிவேடு இயந்திரக் குறைகளுக்கு மட்டுமாம்.