முகம் பார்க்கும் வேலை

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பெங்களூரின் ஓவியக் கல்லூரியான கர்நாடக சித்திரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்தும் சித்திரச் சந்தை இன்று. வண்டிகளை நிறுத்திவிட்டுக் குமாரகிருபா சாலையையே ஓவியர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். தஞ்சாவூர் ஓவியங்களும் மைசூர் ஓவியங்களும் எண்ணெய் வண்ணச் சட்டங்களும் வரிசையாகச் சாய்ந்து நிற்க, இடையிடையே மடக்கு நாற்காலி போட்டு, எதிரே உட்காருகிறவர் முகத்தை மிகைப்படுத்திக் கேலிச்சித்திரமாக வரைகிறவர்கள் நாங்கள்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து மனைவியோடு வந்த பெரியவர் ஒருவர், “மூக்கை மட்டும் பெரிதாக்கிவிடாதே அம்மா” என்று கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அவர் மூக்கில் விசேஷம் ஒன்றும் இல்லை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நீளமாக ஓர் இடம், அதில் ஒட்டக் கத்தரித்த நரை மீசை, அதுதான் அவர். நான் முதலில் பார்ப்பது தலையின் மொத்த வடிவத்தை. பிறகு இரண்டு கண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பிறகு கண்ணிலிருந்து வாய் வரை. ஒன்றை நீட்டினால் இன்னொன்றைச் சுருக்கியாக வேண்டும். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் பெரிதாகத் தெரியாது. மீசைப் பகுதியை நீட்டி, கண்களை மேலே ஏற்றி, நெற்றியை ஒரு விரற்கடை ஆக்கினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது இப்படியேதான் இருப்பார்” என்றார். மாலைவரை அந்தச் சொல்லின் தெம்பிலேயே வரைந்தேன்.

ஜனவரி 8, புதன்

பிறந்தநாள் பரிசுக்கு ஒரு படம். வாட்ஸாப்பில் வந்தவை எல்லாம் கையை நீட்டி எடுத்த செல்ஃபிகள். அத்தனை பக்கத்திலிருந்து எடுத்தால் மூக்கு முன்னே தள்ளிக்கொண்டு வரும். காது பின்னால் ஒதுங்கிவிடும். அதைப் பார்த்து வரைந்தால் கேமராவின் மிகையை மிகைப்படுத்துவதாகிவிடும். வேறொருவர் ஏழெட்டு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பக்கவாட்டில் ஒன்று, சிரிப்பில் ஒன்று. சிரிக்கும்போது கன்னம் எங்கே போகிறது என்று தெரியாமல் நான் பேனாவைத் தொடுவதில்லை.

ஜனவரி 11, சனி

ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தின் குடும்ப நாள். ஆளுக்கு 5 நிமிடம். எதிரில் வரிசை நிற்பதால் பென்சிலுக்கு நேரமில்லை, நேராக பிரஷ் பேனாதான். இன்று வந்தவர்களில் பாதி பேர் குழந்தைகள். இந்தத் தொழிலில் குழந்தை முகம்தான் ஆகக் கடினம். எலும்பு இன்னும் எழும்பவில்லை, கோடு விழவில்லை, எல்லாம் உருண்டை. ஒரு கோடு கூடிப்போனாலும் ஆறு வயது அறுபது ஆகிவிடும். அதனால் முகத்தை விட்டு உடம்பைப் பார்க்கிறேன். ஒருவன் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒருத்தி அப்பாவின் சட்டைப் பொத்தானை விடவே இல்லை. அவளை வரைந்தபோது அந்தப் பொத்தானையும் வரைந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பேனாக்களைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

ஒரு விழா அமைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். மூன்று மணி நேரம் இலவசமாக வரைய வேண்டுமாம், ‘விளம்பரம் கிடைக்கும்’ என்றார். மாட்டேன் என்றேன். கார்ட்ரிட்ஜ் என்கிற கெட்டி வரைதாளுக்கும் இங்க்குக்கும் கடைக்காரர் விளம்பரத்தை வாங்கிக்கொள்வதில்லை. பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் இப்படிக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. வரைகிறவர்களிடம் மட்டும் வருகிறது. இளையவர்கள் ஒப்புக்கொள்வதால்தான் வந்துகொண்டே இருக்கிறது. பாதித் தொகை முன்பணமாக வராமல் தேதியைக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

தை பிறந்ததும் கல்யாண வரவேற்புகள் தொடங்கிவிட்டன. இன்று ஃபிரேசர் டவுனில். மாப்பிள்ளையின் அத்தை வந்து உட்கார்ந்தார். இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை பழைய தீத்தழும்பு. வலப்பக்கமாகத் திரும்பி உட்காரட்டுமா என்று அவரே கேட்டார். உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி உட்காருங்கள் அக்கா என்றேன். யோசித்துவிட்டு நேராகவே உட்கார்ந்தார்.

நோயும் விபத்தும் விட்டுப்போன அடையாளத்தை நான் பெரிதாக்குவதில்லை. அதற்காக அழித்து வரைவதும் இல்லை. அழித்தால் எதிரே இருப்பவரைப் பார்க்க மறுப்பதாக ஆகிவிடும். தழும்பு அதன் அளவில் மெல்லிய இரண்டு கோடாக இருந்தது. மிகைப்படுத்துவதற்கு அவரிடம் வேறு செல்வம் இருந்தது. பேச்சு முழுவதையும் கையால் பேசுகிறவர். சமையல்காரர் ரசத்தில் உப்புப் போட மறந்த கதையைச் சொல்லும்போது பத்து விரலும் காற்றில் இருந்தன. முகத்தைவிடக் கைகளைப் பெரிதாக வரைந்து, வளையல்களைப் பறக்கவிட்டேன். அவர் தாளை வாங்கி, முதலில் தழும்பைத்தான் தேடினார். பிறகு கைகளைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து மேசைக்கு எடுத்துக்கொண்டு போய் அந்த ரசக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரி 23, வியாழன்

என்னிடம் வரையப் படிக்கும் எதிர்வீட்டுத் தம்பியை டிரினிட்டியில் மெட்ரோவை விட்டு இறங்கி மிட்ஃபோர்ட் ஹவுசுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். 2007இல் தொடங்கிய இந்தியக் கார்ட்டூன் கேலரி அங்கேதான் இருக்கிறது. மூல ஓவியத்தை ஒரு முறையாவது கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். கோடு எங்கே அழுத்தத்தோடு தொடங்கி எங்கே மெலிகிறது, வெள்ளைப் பூச்சு எந்த இடத்தை மூடியிருக்கிறது என்பதெல்லாம் அச்சில் தெரியாது. தம்பி முழுநேரமும் கைப்பேசித் திரையில் வரைகிறவன். ஒரு பழைய கருத்துப்படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “அக்கா, இதில் அண்டூ கிடையாதே” என்றான். கிடையாது, போட்ட கோட்டைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான் கோட்டைப் போடுமுன் அவ்வளவு யோசித்தார்கள் என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண் மறைந்து இன்றோடு பத்து ஆண்டுகள். 1921இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே பம்பாயில் இருந்துகொண்டுதான் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக, வாயே திறக்காத ‘சாமானிய மனிதனை’ நாட்டுக்குக் கொடுத்தார். மாணவராக இருந்த நாளில் அவர் படம் போட்ட ‘கொரவஞ்சி’ நம் பெங்களூரிலிருந்து வெளிவந்த கன்னட நகைச்சுவை இதழ். ஓவியர் கோபுலுவும் அதே 2015இல்தான் போனார். தமிழில் பேச்சே இல்லாத நகைச்சுவைப் படங்களை அவர் வரைந்தார். வேட்டியை மடித்துக் கட்டும் விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார். அவருக்கு முன்னால், 1930களில், விகடனில் ஓவியர் மாலி.

இவர்களிடம் நான் படித்துக்கொண்டே இருப்பது ஒன்று உண்டு. அமைச்சரை வரையும்போது இருந்த அதே கவனம் திண்ணையில் தூங்குகிற கிழவரை வரையும்போதும் இருந்தது. என் வேலையில் பணம் கொடுக்கிறவர் முகம் மட்டுமே தாளுக்கு வருகிறது. அது எனக்குப் போதவில்லை. அல்சூர் பஜாரின் பூக்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர், சோமேஸ்வரர் கோயில் பக்கத்தில் சாவி வெட்டுகிறவர் என்று தெரு முழுவதையும் பெரிய தாளில், தொட்டெழுதும் நிப்பும் இந்தியன் இங்க்கும் கொண்டு வரையப் போகிறேன். வரைந்ததன் நகலை அவரவருக்கே கொடுத்துவிடுவது. பூக்காரம்மாவிடம் இன்று காலையே கேட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம், வியாபாரம் ஓய்ந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார். பல் செட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாராம்.